பத்தில் ஒன்று

தண்ணீர் மட்டும் சிறிதாகாது.
காரைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கலாம்,
கதவை, கண்ணாடியை, இலக்கத் தகட்டை,
பழைய செருப்பில் வெட்டிக் கட்டிய சேற்றுத்தட்டைக்கூட.
ஆனால் குட்டைக்குள் பாயும்போது
துளி தன் அளவிலேயே தெறிக்கும்.
பார்ப்பவன் கண் அதைத்தான் முதலில் பிடிக்கும்:
ஓ, விளையாட்டுக் கார்.

ஆகவே நொடிக்கு இருநூற்று நாற்பது படம்.
மெதுவாக்கினால் பாரம் வரும்.
மூன்று கிலோ வாகனம்
மூன்று தொன் போல மூச்சிழுத்து இறங்கும்.
யாரும் சொல்லித் தரவில்லை.
கலியாண வீடியோக்களில்
தாலி கட்டும் கையை மெதுவாக்கி மெதுவாக்கி
நானாகக் கண்டுகொண்டது.

ஞாயிறு காலை ஆறரை.
கொம்பனித்தெருவில் வீடுகள் இடித்த காணி.
மழை விட்டு ஒரு மணித்தியாலம்.
லென்ஸ் சேற்றை நக்குமளவுக்குப்
போனைத் தலைகீழாகப் பிடித்தபடி
வயிறு நனையப் படுத்திருக்கிறேன்.
இந்த உயரத்தில்
யாரோ ஒருவருடைய குசினித் தளம் ஒரு மலைத்தொடர்.
உடைந்த மாபிளில் பாதிப் பூ.
அதற்குப் பின்னால், மங்கலாக,
முப்பது மாடி.
மதில்மேல் நின்று இஃப்ஹாம் கத்துகிறான்:
ரோலிங்கா?
ரோலிங்!

சீட்டிச் சத்தம்.
காவற்காரர். காக்கிக் காற்சட்டை, கையில் தேத்தண்ணிக் கோப்பை.
மொகத கரன்னெ?

நான் எழும்புமுன்னரே என் கை
பின்பொக்கற்றில் அடையாள அட்டையைத் தடவியது.
இஃப்ஹாம் றிமோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான்.
ஒளித்தது பிழையென்று பட
முன்னால் கொண்டுவந்து
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி நின்றான்.
இந்த நகரத்தில் அந்தச் சொல்லை
நாங்கள் மெதுவாகத்தான் சொல்வோம்.
கொன்ட்ரோலர் என்போம்.
அன்றைக்கு அதுவும் வரவில்லை.
செல்லம் படுவக், அங்கிள்.

அவர் குட்டைக்குள் பார்த்தார்.
கார் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.
விலை கேட்டார்.
பாதி விலை சொன்னோம்.
அதற்கே அவர் வாயிலிருந்த சீட்டி
நூலில் தொங்கியது.
ம், ஓட்டுங்கள் என்பதுபோலக் கோப்பையை ஆட்டிவிட்டு
அங்கேயே நின்றார்,
என் ஃபிரேமின் இடது ஓரத்தில்.
தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல
எங்கள் இருவருக்கும் சிங்களம் போதாமலில்லை.

இரவு, வெள்ளவத்தை.
கட்டிலில் ஒரு பூப்புனித அல்பம் உலர்கிறது,
ரைம்லைனில் நாற்பத்தொரு துண்டு.
முதலில் ஒலியைக் கழற்றி எறிந்தேன்;
அசல் மோட்டர் வெறும் நுளம்பு.
அதன் இடத்தில்
நூற்றியோராம் இலக்க பஸ்
பம்பலப்பிட்டிச் சந்தியில் இரண்டாம் கியருக்கு இறங்கும் முனகல்;
போன மாதம் யன்னலில் சாய்ந்து பதிந்தது.
பொருந்திற்று. கார் கிழடாகி, கோபமாகி,
சேற்றைத் தின்று வந்தது.

இருபத்தேழாம் துண்டு.
நாளின் மிக நல்ல பாய்ச்சல்.
நான்கு சில்லும் வானத்தில்,
மாபிள் பூவுக்கு மேலே ஒரு முழம்.
இடது ஓரத்தில்
ஒரு சோடிக் கறுப்புச் சப்பாத்து.
ஒன்றுக்கு நாடா இல்லை, மின்கம்பி.

வெட்டினால் வானமும் போகிறது.
அழித்துப் பார்த்தேன்:
சப்பாத்து மறைந்தது, நிழல் கிடந்தது,
ஆளில்லாமல்.

திரும்பக் கொண்டுவந்து
படம் படமாக நகர்த்தினேன்.
அப்போதுதான் கண்டேன்.
கார் தரையை விடும் அதே படத்தில்
சப்பாத்தின் குதியும் தரையை விடுகிறது.
ஒரு விரல். இரண்டு விரல்.
கார் உச்சியில் நிற்கும்வரை
அந்தக் குதியும் நிற்கிறது,
உள்ளே ஒரு மனிதனின் முழுப் பாரமும்
விரல்நுனியில்.
பிறகு இரண்டும் ஒன்றாக இறங்குகின்றன.
கோப்பைத் தேத்தண்ணி ஒரு சொட்டு
ஃபிரேமுக்குள் விழுகிறது, தன் அளவிலேயே.

இஃப்ஹாம் போனில்:
சப்பாத்த வெட்டு மச்சான், அளவு தெரியுது.

பற்றரி சார்ஜில போட்டியா, என்றேன்.