நாற்பத்தேழாம் சாவடி, குடியாத்தம்

ஆறரைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்,
மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில்,
முழங்கால் மேசையில் இடிக்க.
மடியில் வாக்காளர் பட்டியல், சிவப்புப் பேனா.
நம்ம ஓட்டுக்கு டிக், அவங்க ஓட்டுக்குச் சுழி.
இயந்திரத்தில் பதினோரு பொத்தான்.
ஊருக்குத் தெரிந்தது ரெண்டு.

போன தடவை மூணு வார்டு தவிர எல்லாம் நமக்கு.
அன்று ராத்திரி போட்ட வெடியில்
கவுண்டன்யா ஆற்று மணலில் படுத்திருந்த நாய்கள்
சித்தூர் ரோட்டில் ஓடின.
"இனிமே நம்மளக் கேக்க ஆளே இல்ல" என்றார்
சம்பங்கி அண்ணன், சேர்மன்.
கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

தெருக்குழாய்க்குப் பூட்டு வந்தது.
சாவி நம் கிளைச் செயலாளர் அரைஞாணில்.
அந்தக் கொடி கட்டிய வீடுகளுக்குக் கடைசிக் குடம், அதுவும் கலங்கல்.
மன்றத்தில் அந்த மூணு பேர் எழுந்தால்
மைக் அணையும். ஃபேனும் அணையும்.
சித்திரையில் மைக்கை யார் கேட்டார்கள்.

அப்புறம் அந்த வளைவு.
அண்ணன் அறுபதுக்கு, திருவிழாப் பாதையில், இரும்பில்.
வைகாசி பிறந்து கெங்கையம்மன் சிரசு வந்தபோது
ரெண்டு சாண் இடித்தது.
கழற்றுங்கள் என்று யாரும் சொல்லவில்லை.
தூக்கி வந்தவர்கள்
சிரசைச் சாய்த்தார்கள்.
ஒருக்களித்துப் பார்த்தபடி
அண்ணன் படத்துக்குக் கீழே போனாள் அம்மன்.
பம்பை ஒரு நொடி நின்று, மறுபடி அடித்தது.
ஊர் பார்த்தது.
ஊர் பார்த்ததை நான் பார்க்கவில்லை.

முதல் ஆள் அலமேலு, தறிக்காரர் முனிரத்தினம் சம்சாரம்.
கவர் நானே கொடுத்தது. சிரித்தாள். டிக்.
ஷமீம் பீ. பீடி சுற்றித் தேய்ந்த நகத்தில்
மைக்கு இடம் தேடினார்கள். சிரித்தாள். டிக்.
"உனக்குத்தாண்டா" என்று கண்ணடித்தார் பச்சையப்பன்.
பெரிய டிக்.
பம்பைக்கார ஜெயவேலு மட்டும் சிரிக்கவில்லை.
அவன் எப்பவும் அப்படித்தான் என்று
அவனுக்கும் ஒன்று.

எண்ணூத்திப் பன்னெண்டில் அறுநூத்தி நாற்பது, போனில் சொன்னேன்.
அண்ணன் ஆம்பூரில் பிரியாணிக்குச் சொல்லிவிட்டார்.

கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார்.
நாற்பத்தேழு: நமக்கு அறுபத்தொன்று.
இன்னொரு தரம் காட்டச் சொன்னேன்.
அறுபத்தொன்று.
என் வீட்டில் நாலு ஓட்டு.
ஒன்றுக்குத்தான் என்னால் சத்தியம் பண்ண முடியும்.

அடுத்த வாரம் குழாயடியில் கூட்டம், அந்தக் கொடி.
சம்மட்டியால் பூட்டை உடைத்தார்கள்.
புதுக் கவுன்சிலர் அதைக் குனிந்து எடுத்து
கையில் கனம் பார்த்தார்.
"நல்ல பூட்டுதான்" என்றார்.
பையில் போட்டுக்கொண்டார்.

வரிசையில் நான் கடைசி.
நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அலமேலு
அவரைப் பார்த்துச் சிரித்தாள்,
அன்று என்னைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.
பக்கத்தில் நின்ற அவர்கள் பையன் ஒருவன்
நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டான்.