எதிர்நிறம்

பெயின்ற் கம்பனி தந்த நிறச்சக்கரம்
கல்லாவுக்குப் பின்னால், ஆணியில்.
பன்னிரண்டு துண்டு. தட்டினால் சுற்றும்.
முதலாளிக்கு அது விளம்பர மட்டை.

திங்கள் காலை சூசைமுத்து வந்தார்.
"நடுக்கடலில எஞ்சின் நிண்டால்
தூரத்திலயே தெரியவேணும், பிள்ளை."
நீலத்தில் விரல் வைத்து
நேர் எதிரே இழுத்தேன்: செம்மஞ்சள்.
கடல் எவ்வளவு நீலமோ
அவ்வளவுக்கு இது கத்தும் என்றேன்.
இரண்டு ரின் கலந்து கொண்டுபோனார்.

அன்றைக்கே, கடை பூட்டுகிற நேரம்,
பெயர் சொல்லாத ஒரு பெடியன்.
குருநகர்ப் பக்கத்து ஆள் இல்லை.
"வள்ளத்துக்கு. தெரியக் கூடாது."
ஏன் என்று கேட்கச்
சக்கரத்தில் துண்டு இல்லை.
எதிரே போகாமல் பக்கத்தில் நகர்ந்தேன்:
நீலம், நீலப்பச்சை.
அதுவும் வெயிலுக்கு மினுங்கும் என்று
சூசைமுத்துவுக்குக் கலந்து மிஞ்சியதில்
ஒரு கரண்டி விட்டேன்.
எதிரி கொஞ்சம் உள்ளே போனால்தான்
எந்த நிறமும் வாய் மூடும்.

காசை எண்ணாமலே வைத்துவிட்டுப் போனான்.

மிச்சம் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றினேன்.
வத்து நேரம் கடல் காட்டும்
சேற்றின் நிறம் வந்தது.
பன்னிரண்டிலும் தேடினேன், இல்லை.
என் நகத்தில் இருக்கிறது,
மண்ணெண்ணெய்க்கும் போகாமல்.