மீன் தராசு

நான்கு மணிப் படகுக்கு இன்னும் இருபது நிமிடம்.
ஃபியோர்டிலிருந்து மழை பக்கவாட்டில் அடித்தது.
மீன் இறக்கும் என் கொட்டகைக்குள்
சைக்கிளோடு ஒதுங்கினார்கள் மூவர்.

சுன்னிவாவுடையது போன மாதம் வாங்கியது.
கார்பன். இரண்டு விரலால் தூக்கிக் காட்டினாள்.
"ஏழு கிலோ."
"அப்புறம் ஒரு புள்ளி இருக்குமே"
என்றான் ஐவின்ட்.
அவனுடையது எண்பத்து மூன்றாம் வருடத்து எஃகு;
பெயின்ட் உரிந்த இடங்களில்
நகப்பூச்சு தடவியிருந்தான்,
நிறம்தான் ஒத்துப்போகவில்லை.
"விரிசல் விட்டால் உன்னுடையது குப்பை.
இதை எந்தப் படகுப் பட்டறையிலும் பற்றவைக்கலாம்."
"எத்தனை முறை பற்றவைத்தாய்?"
"இரண்டு."
கொஞ்சம் கழித்து, "மூன்று."

தூர்பியோர்க் பேசவில்லை.
நான்கு பைகள் தொங்கும் வண்டியைச் சுவரில் சாய்த்து
செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

நிறுத்துப் பார்த்துவிடலாமே, என்றேன்.
காட் மீன் தொங்கும் கொக்கி சும்மாதான் கிடந்தது.

ஏழு புள்ளி ஒன்பது.
சுன்னிவா பெடலைக் குறை சொன்னாள்.
பன்னிரண்டரை.
ஐவின்ட் மழையைக் குறை சொன்னான்.
நாற்பத்து நான்கு.
உத்தரம் முனகியது.

"உள்ளே என்ன, நங்கூரமா?"

பின்பையைத் திறந்தாள்:
கம்பளிக் காலுறைகளுக்கு நடுவே
வார்ப்பிரும்பு வாஃபிள் சட்டி.
"ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சுமந்திருக்கிறேன்.
இதுவரை யாரும் வேண்டாம் என்றதில்லை."

மாவு அவளிடம். வெண்ணெய் என்னிடம்.
இரண்டாவது வாஃபிளைத் திருப்பும்போது
படகு சங்கூதிவிட்டுக் கிளம்பியது.
யாரும் எழவில்லை.
அடுத்தது ஆறரைக்கு.

சுன்னிவா ஜாம் இருக்கிறதா என்றாள்.
ஐவின்ட், வாய் நிறைய வைத்துக்கொண்டு,
டயர் அகலத்தை ஆரம்பித்தான்.