எழுநூற்றுப் பதினொன்று

மார்லிஸ் டுவெய்ட் என் கவுன்டரில்
ஒரு மிட்டாய் டப்பாவைக் கவிழ்த்தாள்.
பதினோரு துண்டுகள்.
கோழி வெட்டும் கத்தரியால் நறுக்கிய கிரெடிட் கார்டு.
ஒன்றில் அவள் பெயரின் வால்,
ஒன்றில் சில்லின் மூலை.

"இதைத் திரும்ப ஒட்ட முடியுமா?"

சிரிக்கிறாளா என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.

டுலூத்தில் மார்ச் மாதம்.
ஏரி பாதி கல்லாகவே கிடந்தது,
தாதுக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை.
நிறுத்தாதே என்று எழுதிய பலகைக்கு நேர் கீழே
அவளுடைய மஞ்சள் பள்ளிப் பேருந்து
உறுமிக்கொண்டு நின்றது.

ஏழு வருடம்.
முதலில் வீட்டுக்குச் சூடு தரும் உலை.
பூஜ்யத்துக்கு முப்பது கீழே போன ராத்திரி
பேரம் பேச யாருக்கு வாய் வரும்?
அப்புறம் நாயின் இடுப்பு.
அப்புறம் ரோஜர் வாங்கிய தூண்டில்கள்:
ஆள் போய் மூன்று மாதமாகியும்
பில்லில் மட்டும் வந்துகொண்டிருந்தான்.

சனி ஞாயிறு அடுத்தவர் வாசலில் பனி தள்ளி
அத்தனையும் அடைத்தாள்.
கடைசித் தவணை போன இரவு
போன் செய்து கணக்கையே முடித்துவிட்டு
ஒரு முழு ஆப்பிள் கேக்கைத்
தனியாக உட்கார்ந்து தின்றாளாம்.

மூன்று வாரத்தில் போன் சிணுங்கியது.
உங்கள் கிரெடிட் ஸ்கோர் மாறியுள்ளது.
எழுநூற்று நாற்பத்தெட்டாக இருந்தது
எழுநூற்றுப் பதினொன்று.

"அடைத்ததுக்கா தண்டனை?"

அடைத்ததுக்கு இல்லை. மூடியதுக்கு.
ஒரு ரசீதின் முதுகில் போட்டுக் காட்டினேன்.
மூடிய கார்டில் எட்டாயிரம் வரை வாங்கலாம்.
எங்கள் கார்டில் ஆயிரத்து இருநூறு வரை;
அதில் டயர் பாக்கி ஐந்நூற்று நாற்பது.
இரண்டும் இருந்தவரை
நூற்றுக்கு ஆறுகூட இல்லை நீங்கள் எடுத்தது.
இப்போது நாற்பத்தைந்து.
ஒரு டாலர்கூடப் புதிதாக வாங்கவில்லை, தெரியும்.
அண்டாவில் இருந்த தண்ணீரைச் சொம்பில் ஊற்றினீர்கள்.
தளும்புகிறது என்று எந்திரம் அலறுகிறது.

"ஏழு வருடம்?"
அது ஏட்டில் இருக்கிறது, இன்னும் பத்து வருடம் இருக்கும்.
"படிக்கிறவர் யார்?"
நான் ரசீதைத் திருப்பி வைத்தேன்.

"ஆரின் மாமா காலணா கடன் வாங்காமல் செத்தார்.
அவருக்கு எவ்வளவு இருந்திருக்கும்?"
எண்ணே இருந்திருக்காது, என்றேன்.
எல்லாம் ரொக்கம் என்றால்
எந்திரத்தைப் பொறுத்தவரை அவர் பிறக்கவே இல்லை.

இப்போதுதான் சிரித்தாள். மூக்கு வழியாக, ஒரே ஒருமுறை.

இந்த இடத்தில் சொல்லவேண்டியது
கவுன்டருக்குக் கீழே அச்சடித்து ஒட்டியிருக்கிறது.
பார்க்காமலே சொன்னேன்:
டயர் பாக்கியை மெல்லக் குறையுங்கள்.
மாதம் ஒன்று, சின்னதாக ஏதாவது வாங்கி
உடனே கட்டுங்கள். ஏறிவிடும்.

"யாரிடமும் ஒன்றும் வாங்காமல் இருக்கத்தானே நான்"

மணி இரண்டு முப்பத்தெட்டு.
பிள்ளைகள் வாசலில் நிற்பார்கள்.
துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி
டப்பாவில் போட்டுக்கொண்டு போனாள்.
பத்துதான் போட்டாள் என்பது
மாலையில் பெருக்கும்போது தெரிந்தது.
பேனாக் குவளையில் போட்டு வைத்திருக்கிறேன், அந்த வாலை.

நான் செய்யக்கூடாத ஒன்றை ஏப்ரலில் செய்தேன்:
அவள் கணக்கைத் திறந்து பார்த்தேன்.
டயர் பாக்கியில் அறுபது குறைந்திருந்தது.
அதற்குக் கீழே ஒரே ஒரு வரி:
படிக்கட்டில் தூவும் உப்பு, ஒரு மூட்டை,
ஆறு டாலர் எழுபத்தொன்பது.

வாங்கியது மாலை ஆறு ஐந்து.
கட்டியது ஆறு இருபது.
கடை வாசலில், பேருந்துக்குள் உட்கார்ந்தே
கட்டியிருப்பாள்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்குமாமே மனுஷ ஜாதி.
எந்திரம் நினைத்தது:
நான்கு புள்ளி.