முன்கொணர்ந்தது

கமலவேணி கஸ்ஸலில் இருந்து எடுத்தாள்.
அங்கே இன்னும் விடியவில்லை. இங்கே
காணிப் பதிவகம் திறக்கப் பத்து நிமிஷம்.
"அண்ணன், வோல்க்கர்ர வீடு
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொண்டு மட்டும் போகுது.
என்ர எதுமட்டும் போகும்?"

அங்கே வீட்டு நம்பர்தான் நூலாம்.
பதினேழாம் நம்பர்.
தீக்காப்புறுதிப் பேரேட்டில் பதினேழு,
கூரை வைக்கோல், பெறுமதி நூற்றிருபது தாலர்.
கோயில் புத்தகத்தில்
பதினேழில் ஒரு ஞானஸ்நானம், பதினேழில் ஒரு சாவு.
மண்புழு ஊர்ந்த மாதிரி எழுத்து;
வகுப்புக்குப் போய் வாசிக்கப் பழகினாராம் மனிசன்.
பிறகு எண்பது வருஷம்
பதினேழின் பிள்ளைகள் கோயில் புத்தகத்தில் இல்லை,
வேறொரு புத்தகத்தில் பிறந்திருக்கிறார்கள்.
முப்பத்தெட்டில் வோல்க்கரின் பாட்டன் வாங்குகிறார்.
அந்தத் தாளை அவர் கெதியாய்ப் புரட்டினார் என்றாள்.
நான் ஏன் என்று கேட்கவில்லை.
தேடுகூலியைச் சொன்னேன்.

எங்கள் ஏறாவூர்ப் பக்கம் நம்பர் இல்லை, எல்லைதான்.
வடக்கு ஒழுங்கை. கிழக்கு இன்னாரின் வளவு. மேற்கு வாவி.
வாவி எந்த நொத்தாரிசு முன்னும் கையெழுத்து வைத்ததில்லை.
மாரியில் உள்ளே வரும், பங்குனியில் இறங்கும்,
உறுதியில் மட்டும்
முப்பத்திரண்டு பேர்ச்சஸ் முப்பத்திரண்டாகவே நிற்கும்.

பாத்தலோட் பதிவேட்டைத் தூக்கி வந்து போட்டார்.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்த ஓரம்
இப்போதும் அப்பளம்போல.

கடைசி வரியில் விரலை வைத்துப் பின்னால் நடப்பது என் வழக்கம்.

இரண்டாயிரத்துப் பதினொன்று. நன்கொடை உறுதி.
தாய் சிவஞானப்பூ, மகள் கமலவேணிக்கு.
சீவிய உரித்து தாய்க்கு.
நல்லது.
இந்த மாவட்டத்தில் வீட்டைத் தேடுகிறவன்
தகப்பன்மார் பெயரை மறந்துவிட வேண்டும்.

அதற்கு மேல் வரி,
தொண்ணூறு, கார்த்திகை. விலை உறுதி.
வாங்கியவர்: சிவஞானப்பூ.
விற்றவர்: மீராலெவ்வை மகள் ஆசியா உம்மா.
விலாசம்: பாடசாலை முகாம்.
விலை: 9,000.
முந்தின வருஷம் பக்கத்து வளவு
எண்பத்தையாயிரத்துக்குப் போயிருக்கிறது.

இரண்டாம் பிரதியைக் கேட்டு வாங்கினேன்.
இடது பெருவிரல்.
மை கூடிப்போய் ரேகையே இல்லை,
ஒரு கறுத்த நாவற்பழம்.

அறுபத்தொன்றில் ஆசியா உம்மாவுக்குச் சீதனம்,
தாய் சுலைகா உம்மாவிடமிருந்து.
முப்பத்துநான்கில் சுலைகாவுக்கு, அவள் தாயிடமிருந்து.
முன்கொணர்ந்தது: வேறொரு தொகுதி, கரையான் தின்ற பக்கம்,
ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டு, செய்னம்பு.
தாய், தாய், தாய்.
ஒரு கண்ணி விடாத சங்கிலி,
அதில் கமலவேணியின் ஆட்கள் யாரும் இல்லை.

அதே தொகுதியில் பன்னிரண்டு பக்கம் தள்ளி
பூரணம் என்றொருத்தி விற்றிருக்கிறாள்,
அதே வருஷம், றோட்டுக்கு மற்றக் கரை.
விலாசம்: கோயில் மண்டபம்.
விலை அதைவிடவும் குறைவு.
அதை யார் வாங்கினார் என்றும் பார்த்தேன்.
எனக்குக் கூலி ஒரு காணிக்குத்தான்.

"எட்டு மட்டும் போகுது தங்கச்சி" என்றேன்.
"ஆயிரத்துத் தொளாயிரத்து எட்டோ?"
சந்தோஷத்தில் ஜெர்மனில் யாரையோ கூப்பிட்டாள்.
"பேரெல்லாம் வரிசையா அனுப்புங்க,
சட்டம் போட்டு மாட்டப்போறம்."

இரவு தட்டச்சு செய்தேன்.
விலை என்ற நிரலை எடுத்துவிட்டால்
எல்லாம் ஒரே தாளில் அழகாய் அடங்கியது.
எடுத்தேன். திரும்பவும் போட்டேன்.
இரண்டு தாளாக அனுப்பினேன்.

நாலு நாள் சத்தமில்லை. கூலி மட்டும் வந்து சேர்ந்தது.
ஐந்தாம் நாள் ஒரு வரி:
"அண்ணன், ஒன்பதாயிரத்தில ஒரு சைபர் விடுபட்டிருக்குமோ?"

பாத்தலோட்டிடம் மறுபடி சொல்லி எடுத்துப் பார்த்தேன்.
எண்ணில் பிழை வரலாம் என்றுதான்
உறுதியில் எழுத்திலும் எழுதுவது.
இருக்கிறது:
ரூபாய் ஒன்பதாயிரம் மாத்திரம்.