தெரியும்

கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று
பதினேழு வருடம் முன்பு உறுதிமொழி எடுத்தவள் நான்.
ஜாலான் டூத்தா நீதிமன்றம், மூன்றாம் மாடி,
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி.
கொலைகாரன் பேசினால் நான் வெட்டினேன் என்பேன்,
மாமியார் பேசினால் என் நகை என்பேன்,
மத்தியானம் எல்லாரையும் கழற்றிவைத்துவிட்டு
கீழே போய் நாசி லெமாக் தின்பேன்.

இன்று மோட்டார்ப் பந்தய வழக்கு.
ஏமாற்றினான் என்று சங்கம் விதித்த
இரண்டு வருடத் தடையை
ரத்து செய்யக் கேட்கிறான் யுகேந்திரன்.
இருபத்து மூன்று வயது.
கழுத்துப்பட்டை யாரோ கட்டிவிட்டது.
சனிக்கிழமை சிப்பாங்கில் கடைசிப் போட்டி.

காற்று உள்ளே போகும் வழியில் ஒரு வளையம்,
இயந்திரத்துக்கு மூச்சை அளந்துவிட.
விதி சொன்ன வாயைவிட
பூச்சியம் தசம் மூன்று மில்லிமீட்டர் அகலம்.
தட்டில் வைத்து நீட்டினார்கள், காட்சிப்பொருள் ஒன்பது.
கட்டைவிரலில் போட்டுப் பார்க்கலாமா என்றிருந்தது.

முத்திரையை உடைத்தபோது
எங்கள் தரப்பில் எவரும் அங்கில்லை.
அளந்த கருவிக்குச் சான்றிதழ் காலாவதி.
சூட்டில் உலோகம் விரியும் என்றார் ஒரு நிபுணர்.
எவ்வளவு விரியும் என்று கேட்டார் நீதிபதி.
நிபுணர் தண்ணீர் குடித்தார்.

பிறகு மெக்கானிக் கலியமூர்த்தி.
செந்தூலில் பட்டறை.
நகக்கண்ணில் எந்தச் சோப்புக்கும் அசையாத கறுப்பு.
சங்கத்தின் வழக்கறிஞர் ஹஸ்வான் மெதுவாகக் கேட்டார்,
நான் இன்னும் மெதுவாகத் தமிழாக்கினேன்:
வளையம் பெரிதாக இருந்ததைப் பற்றி
என்ன சொல்கிறீர்கள்?

"தெரியும்ங்க" என்றார்.

அவ்வளவுதான்.
யாருக்கு என்பது அதில் இல்லை.
நம் பேச்சில் அது ஒரு குறையே இல்லை.
சோறு ஆறிவிட்டது, தெரியும்.
பிள்ளை சிகரெட் பிடிக்கிறான், தெரியும்.
இந்த ஒற்றைச் சொல்லை வைத்தே
எத்தனை வீடுகள் ஓடுகின்றன.
ஆனால் பதிவேட்டுக்கு ஆள் வேண்டும்.
அவனுக்குத் தெரியும் என்றால் தடை நிற்கும்.
எனக்குத் தெரியும் என்றால் தடை இடம் மாறும்,
பட்டறையின் இரும்புக் கதவில் போய்த் தொங்கும்.
மலாயிலும் ஆளை விழுங்கிச் சொல்லிவிடலாம்,
ஹஸ்வான் விட மாட்டார்.

ஒரு நொடி,
பூச்சியம் தசம் மூன்று அளவுக்கு
அந்த வாக்கியத்தின் வாயை
நானே சுரண்டிவிட்டிருக்கலாம்.
என் தொண்டைக்கு யாரும் முத்திரை வைப்பதில்லை.

யாங் ஆரிஃப், சாட்சியிடம் விளக்கம் கேட்க அனுமதி வேண்டும்.
தலையசைத்தார்.

"யாருக்கு?"

தட்டச்சு நின்றது.
கலியமூர்த்தி யுகேந்திரனைப் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க
அவர் கழுத்து பட்ட பாட்டை நான் பார்த்தேன்.
மேசைக்கடியில் யுகேந்திரனின் வலது கை
இல்லாத ஒரு பிடியை
முறுக்கியபடி இருந்தது.

"எனக்கு. எனக்கு மட்டும்."

மட்டும் என்பதை யாரும் கேட்டிருக்கவில்லை.
கூட்டாமல் குறைக்காமல் அதையும் சொன்னேன்.

மலாயில் நான் என்றால் சாயா.
இத்தனை வருடம் வாயில் புரண்ட சொல்,
இன்றுதான் தமிழாகக் காதில் விழுந்தது:
சாயா என்றால் சாயாத.
முழங்கால் தார் உரச வளைவில் சாய்பவன்
அங்கே உட்கார்ந்திருக்க,
கூண்டுக் கம்பியைப் பிடித்தபடி
நிமிர்ந்து நின்றார் இவர்.
மெய்யா பொய்யா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை.
கேட்டால் தெரியும் என்று சொல்லியிருப்பேனோ என்னவோ.

தீர்ப்பு அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி.
அப்போ சனிக்கிழமை? என்றான் யுகேந்திரன்.
அவன் வக்கீல் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மின்தூக்கியில் கலியமூர்த்தியும் ஏறினார்.
சாட்சியோடு நான் பேசக் கூடாது.
பார்க்கிங்கே பதினாலு வெள்ளி ஆயிருச்சு என்றார்
எண்கள் இறங்குவதைப் பார்த்தபடி.
அதை யாருக்கும் நான்
மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.