மூச்சை இழுத்துப் பிடிங்க

நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறேன் இதை.
சொல்லிவிட்டு ஈயக் கதவுக்குப் பின்னால் ஓடி
பொத்தானை அழுத்துவதற்குள்
பாதிப் பேர் விட்டுவிடுவார்கள்.
இருமல் முந்திக்கொள்ளும்.
பிள்ளைகள் சிரித்துவிடும்.
மன்னவனூரில் ஆடு மேய்க்கிற ஒருவர்
"எம்புட்டு நேரம்மா?" என்று கேட்டார்,
கேட்டதில் மூச்சும் போனது.

குழந்தைவேலு அப்படியில்லை.
பூம்பாறை. வயது முப்பத்து நாலு.
பகலில் பூண்டு மூட்டை,
ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கும் பையன்களுக்கு
விறகும் பரோட்டாவும்.
சீட்டில் மூன்று மாத இருமல், சளி,
மேடு ஏறினால் இளைப்பு.

சட்டையைக் கழற்றினான். தாயத்தையும்.
"ஜில்லுன்னு இருக்கும். நெஞ்சை ஒட்டுங்க.
தோளை முன்னால தள்ளுங்க."
ஜன்னல் இடுக்கில் பனி நுழைந்துகொண்டிருந்தது.
"மூச்சை இழுத்துப் பிடிங்க."

இழுத்தான்.
விலா ஒவ்வொன்றாய்த் திறந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.
இந்த ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம்,
அப்படியொரு மூச்சை நான் படமெடுத்ததில்லை.
"விடலாம்" என்றேன்.
விடவில்லை.
"விடுங்கண்ணே, முடிஞ்சிருச்சு."
மெதுவாக, மூக்கு வழியாக,
வீணாக்க மனசில்லாதவன் போல விட்டான்.

"நீச்சல் தெரியுமா?"
"ஏரில படகுதான் விடுறாங்க, எங்களை எங்க எறங்க விடுறாங்க?"
"பின்னே, நாதஸ்வரமா?"
சிரித்தான். சிரிப்பு இருமலில் போய் விழுந்தது.
இருமல் எழுந்திருக்கவே இல்லை.

அப்புறம்தான் விளங்கியது
எங்கே பழகிய மூச்சு என்று.
புகை உள்ளே நிற்க நிற்கத்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு.
நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து
ஒன்று, இரண்டு, மூன்று என்று
எண்ணிக் காட்டுவார்களாம் வெளியூர்ப் பையன்கள்.
இவன் இருபது வரை போவானாம்.

எக்ஸ்ரேயில் காற்று கறுப்பு.
பார்க்கிறவர்கள் பயப்படுவார்கள், அது நல்ல கறுப்பு.
அதற்குள் மெல்லிய கிளைகள் ஓடும்,
இலை கொட்டிய பேரிக்காய் மரம் மாதிரி.
குழந்தைவேலுவின் வலது உச்சியில் கிளை இல்லை.
கோழிமுட்டை அளவுக்கு
சும்மா கறுப்பு.
அதைச் சுற்றி மயிரிழையாய் ஒரு சுவர்.

டாக்டர் தில்ஷாத் பேனா மூடியால் அதைத் தொட்டார்.
"பீடியா?"
"பீடி தொட்டதே இல்ல மேடம். இது செடி. மூலிகைதான்."
"பொகையிலையும் செடிதான்."
திட்டவில்லை.
நிறுத்தினால் இருமல் குறையும், சளி குறையும்,
குமிழ் மட்டும் அப்படியே இருக்கும் என்றார்.
திடீரென்று நெஞ்சைக் குத்தி மூச்சு அடைத்தால்
எந்த நேரமானாலும் வண்டி பிடித்து வா.
மூட்டை தூக்குவது இப்போதைக்கு வேண்டாம்.

அதுவரை தலையாட்டியவன்
மூட்டை என்றதும் நிறுத்திக்கொண்டான்.
உதடு மட்டும் அசைந்தது.
எத்தனை நாள், நாளைக்கு எத்தனை மூட்டை,
மூட்டைக்கு எவ்வளவு.

தாயத்தை மறந்துவிட்டுப் போனான்.
என் மேஜை டிராயரில் கிடக்கிறது,
மறுபடி வரச்சொன்ன தேதி தாண்டி ஏழு வாரமாக.
பூம்பாறை பஸ் வரும் நேரத்துக்கு
வரிசையை ஒரு தடவை எட்டிப் பார்ப்பேன்.

இப்போதெல்லாம் "விடலாம்" என்பதைக்
கொஞ்சம் முந்தியே சொல்லிவிடுகிறேன்.
சில படம் கலங்கிப்போகிறது.
திரும்ப எடுக்கிறேன்.